பொருள் நெருங்கிய ஆங்கிலக் கலைச்சொற்கள்

பொருள் நெருங்கிய ஆங்கிலக் கலைச்சொற்கள் என்பவை, பேச்சு வழக்கில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தந்து, அறிவியலிலும் பொறியியலிலும் தனித்தனிப் பொருள் வரையறுக்கப்பட்ட ஆங்கிலச் சொல் இணைகள் ஆகும். "மாஸ்" - "வெயிட்", "ஸ்பீடு" - "வெலாசிட்டி", "ஹீட்" - "டெம்பரேச்சர்", "அக்யூரசி" - "பிரிசிஷன்", "ஹசார்ட்" - "ரிஸ்க்" ஆகியன இவற்றுள் சில. பொது அகரமுதலிகள் இவற்றுள் ஒரு சொல்லுக்கு மற்றதைப் பொருளாகத் தருவதுண்டு. ஆனால் ஓர் ஆய்வுக்கூடக் குறிப்பிலோ, ஒரு மென்பொருள் ஆவணத்திலோ, ஒரு நலவாழ்வு அறிவிப்பிலோ ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் கூற்றே பிழையாகிவிடும்.

இவ்வேறுபாடுகள் தமிழில் எழுதுவோருக்கும் முக்கியமானவை. இணையின் இரு சொற்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை இட்டால் மூலத்தில் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. மேலும், தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் சில இணைகளில் ஒரே தமிழ்ச் சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்கின்றன. இக்கட்டுரையில் இயற்பியல் சொற்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு பின்பற்றப்படுகிறது. இலங்கை வழக்கு பின்னர் தனிப் பிரிவில் தரப்பட்டுள்ளது.

இணைகள் தோன்றிய விதம்

ஆங்கிலம் செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1066 ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி வழங்கியது. சமயத்திலும் கல்வியிலும் இலத்தீன் வழங்கியது. இதனால் ஒரே கருத்துக்குப் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றும், பிரெஞ்சு அல்லது இலத்தீன் வழி வந்த சொல் ஒன்றும் அருகருகே நிலைத்தன. "வெயிட்", "ஸ்பீடு", "ஹீட்" ஆகியன பழைய ஆங்கிலச் சொற்கள். "மாஸ்", "வெலாசிட்டி", "டெம்பரேச்சர்" ஆகியன இலத்தீன் வழி வந்தவை.

தொடக்கத்தில் இச்சொற்களின் பொருள் இன்றைய அறிவியல் பொருளாக இருக்கவில்லை. "ஸ்பீடு" என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் வெற்றி, நற்பேறு என்னும் பொருளையும் தந்தது. "மாஸ்" என்பதன் இலத்தீன் மூலம் பிசைந்த மாவுக் கட்டியைக் குறித்தது. "டெம்பரேச்சர்" என்பதன் இலத்தீன் மூலம் உரிய அளவில் கலத்தலைக் குறித்தது. எனவே சொற்பிறப்பை மட்டும் கொண்டு இன்றைய கலைச்சொற் பொருளை அறிய இயலாது. அறிவியலாளர் ஒரு வேறுபாட்டைக் கண்டறிந்தபோது, ஏற்கனவே வழக்கில் இருந்த இரு சொற்களை ஆளுக்கொரு பொருளாகப் பங்கிட்டுக்கொண்டனர்.

தமிழ் நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒன்றாகத் தொகுத்துத் தருபவை. கலைச்சொல்லாக்கம் இதற்கு நேர்மாறானது. ஒன்றாகக் கிடக்கும் சொற்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுப்பதே அதன் பணி.

நிறையும் எடையும்

"மாஸ்" என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. தமிழ்நாட்டு வழக்கில் இது நிறை எனப்படும். "வெயிட்" என்பது அப்பொருளின் மீது செயற்படும் ஈர்ப்பு விசை; இது எடை எனப்படும். நிறையின் அலகு கிலோகிராம், எடையின் அலகு நியூட்டன். நிறை இடத்துக்கு இடம் மாறாது, எடை மாறும்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை புவியில் ஏறத்தாழ 588 நியூட்டன். நிலாவில் அது ஏறத்தாழ 97 நியூட்டன் மட்டுமே. அவருடைய நிறை இரு இடங்களிலும் 60 கிலோகிராமே. இதற்காக நிலாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. புவியிலேயே ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.780 மீ/வி², துருவத்தில் ஏறத்தாழ 9.832 மீ/வி². நிலநடுக்கோட்டில் திருத்தியமைக்கப்பட்ட ஒரு வில் தராசில் ஒரு கிலோகிராம் தங்கத்தைத் துருவத்தில் தொங்கவிட்டால் அது ஏறத்தாழ 5 கிராம் கூடுதலாகக் காட்டும். தங்கம் கூடவில்லை, அதன் மீதான விசைதான் கூடியுள்ளது. இரு தட்டுகள் கொண்ட தராசில் இம்மாற்றம் தெரியாது. ஏனெனில் மறு தட்டில் உள்ள படிக்கல்லின் எடையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. ஆகவே வில் தராசு அளப்பது எடையை; தட்டுத் தராசு ஒப்பிட்டுக் காட்டுவது நிறையை.

ஐசாக் நியூட்டன் 1687 ஆம் ஆண்டு வெளியிட்ட "பிரின்சிப்பியா" நூலின் முதல் வரையறையே பருப்பொருளின் அளவைப் பற்றியதாகும். அவ்வளவு எடைக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பதை அவர் ஊசல் சோதனைகளால் உறுதி செய்தார். இரண்டும் ஒன்றே என அவர் கூறவில்லை, ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் உள்ளன என்றே கூறினார். ஆயினும் குழப்பம் நீடித்தமையால், 1901 ஆம் ஆண்டு கூடிய மூன்றாவது எடைகள் மற்றும் அளவைகள் பொது மாநாடு, கிலோகிராம் நிறையின் அலகே என்றும், எடை என்னும் சொல் விசையின் இயல்புடைய ஒரு கணியத்தைக் குறிக்கும் என்றும் அறிவித்தது. நிறையின் அலகை அறுதியிட்ட மாநாட்டின் பெயரிலேயே "எடைகள்" என்னும் சொல் இருப்பது, பொது வழக்கு எவ்வளவு வலியது என்பதைக் காட்டும். 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

கடைகளில் "எடை 5 கிலோ" என்று கூறுவது தவறான வணிகம் ஆகாது. அது பொது வழக்கு. இயற்பியல் கணக்கில் அவ்வாறு எழுதினால் விடை ஏறத்தாழ 9.8 மடங்கு பிழைபடும்.

வேகமும் திசைவேகமும்

"ஸ்பீடு" என்பது ஒரு பொருள் ஓரலகு நேரத்தில் கடக்கும் தொலைவு. திசை இதில் இடம்பெறாது. "வெலாசிட்டி" என்பது குறிப்பிட்ட திசையில் ஓரலகு நேரத்தில் ஏற்படும் இடப்பெயர்ச்சி. தமிழ்நாட்டு வழக்கில் முன்னது வேகம், பின்னது திசைவேகம்.

400 மீட்டர் ஓடுபாதையை ஒருவர் 50 விநாடியில் ஒருமுறை சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தால், அவருடைய சராசரி வேகம் விநாடிக்கு 8 மீட்டர். இடப்பெயர்ச்சி இல்லாமையால் அவருடைய சராசரித் திசைவேகம் சுழியம். புவியை வட்டப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் மாறுவதில்லை. ஆனால் அதன் திசை ஒவ்வொரு கணமும் மாறுவதால் திசைவேகமும் மாறுகிறது. திசைவேகம் மாறுவதால் அது முடுக்கம் பெறுகிறது. அம்முடுக்கத்தைத் தருவது புவியின் ஈர்ப்பு விசை. வேகத்தையும் திசைவேகத்தையும் ஒன்றாகக் கருதும் மாணவருக்கு, "வேகம் மாறாத பொருளுக்கு முடுக்கம் எங்கிருந்து வந்தது?" என்னும் ஐயம் தீராது.

வான்வழிப் போக்குவரத்தில் இவ்வேறுபாடு அன்றாடத் தேவை. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்பது மட்டும் விமானிக்குப் போதாது. எதிர்க்காற்று தரையிறங்க உதவும், குறுக்குக்காற்று விமானத்தை ஓடுபாதையிலிருந்து விலக்கும். எனவே வானிலை அறிக்கைகளில் காற்றின் திசையும் வேகமும் சேர்த்தே தரப்படுகின்றன.

வெப்பமும் வெப்பநிலையும்

"ஹீட்" என்பது வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஆற்றல், அலகு சூல். "டெம்பரேச்சர்" என்பது வெப்பம் எத்திசையில் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் நிலை. அலகு கெல்வின் அல்லது பாகை செல்சியசு.

இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்தவர்களுள் 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்காட்லாந்து அறிவியலாளர் சோசப் பிளாக் முதன்மையானவர். உருகும் பனிக்கட்டிக்கு வெப்பம் தொடர்ந்து சென்றுகொண்டிருந்தாலும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை என்பதை அவர் காட்டினார். 0 °செ பனிக்கட்டி ஒரு கிலோகிராம், 0 °செ நீராக உருக ஏறத்தாழ 334 கிலோசூல் தேவை. இதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோகிராம் நீரை 0 °செ முதல் ஏறத்தாழ 80 °செ வரை சூடாக்கலாம்.

100 °செ நீராவி, 100 °செ வெந்நீரைவிடக் கடுமையாகச் சுடுவதற்கும் இதுவே காரணம். ஒரு கிராம் வெந்நீர் உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது ஏறத்தாழ 260 சூல் தருகிறது. ஒரு கிராம் நீராவியோ முதலில் நீராகும்போதே ஏறத்தாழ 2,260 சூல் தந்துவிட்டுப் பின்னரே குளிரத் தொடங்குகிறது. வெப்பநிலை ஒன்றே ஆயினும் தோலுக்குச் செல்லும் வெப்பம் ஒன்பது மடங்குக்கும் மேல். மறுபுறம், கம்பி மத்தாப்பின் ஒரு பொறி 1,000 °செ-க்கும் மேற்பட்ட வெப்பநிலை உடையது. எனினும் அதன் நிறை மிகச் சிறிது ஆதலால் அது கையில் பட்டால் பெரும்பாலும் பெருங்காயம் ஏற்படுவதில்லை.

துல்லியமும் நுட்பமும்

தமிழ் மொழிபெயர்ப்புகளில் மிகுதியாகக் கலந்துவிடும் இணை "அக்யூரசி" - "பிரிசிஷன்" ஆகும். இரண்டுக்கும் "துல்லியம்" என்றே எழுதுவது பரவலாக உள்ளது. இக்கட்டுரையில் முன்னது துல்லியம் எனவும், பின்னது நுட்பம் எனவும் குறிக்கப்படுகின்றன.

துல்லியம் என்பது அளந்த மதிப்பு உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பது. நுட்பம் என்பது மீண்டும் மீண்டும் அளக்கும்போது கிடைக்கும் மதிப்புகள் தமக்குள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பது. இலத்தீன் மூலத்தில் முன்னது கவனத்துடன் செய்யப்பட்டதையும் பின்னது வெட்டிக் குறுக்கப்பட்டதையும் குறித்தன.

* எப்போதும் சரியாக ஐந்து நிமிடம் முன்னதாகக் காட்டும் கடிகாரம் நுட்பமானது, துல்லியமற்றது.
* பை என்னும் மாறிலியின் மதிப்பை 3.14 என எழுதுவது துல்லியமானது, நுட்பம் குறைந்தது.
* அதையே 3.14259265 என எழுதினால் பதின்ம இலக்கங்கள் மிகுதி, ஆனால் மூன்றாம் பதின்ம இலக்கத்திலேயே பிழை.

மூன்றாவது வகைப் பிழை கணினிக் காலத்தில் பெருகியுள்ளது. திரையில் பத்து இலக்கங்கள் தெரிந்தால் அவை அனைத்தும் உண்மை என எண்ணுவது இயல்பு. ஆனால் இலக்கங்களின் எண்ணிக்கை நுட்பத்தைக் காட்டுமேயன்றித் துல்லியத்தை உறுதிப்படுத்தாது.

1994 ஆம் ஆண்டு வெளியான ஐ.எசு.ஓ 5725 சீர்தரம் "அக்யூரசி" என்னும் சொல்லை இன்னும் விரிவான பொருளில் ஆள்கிறது. பல அளவீடுகளின் சராசரி உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பதை அது "ட்ரூனெசு" என அழைக்கிறது. அதுவும் நுட்பமும் சேர்ந்ததே "அக்யூரசி" என்பது அச்சீர்தரத்தின் நிலைப்பாடு. ஆகவே ஒரு துறைக்குள்ளேயே பழைய நூல்களும் புதிய சீர்தரங்களும் வேறுபடலாம் என்பதை மொழிபெயர்ப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

பேட்ரியாட் ஏவுகணைத் தவறு

1991 பெப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தகுரானில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்கப் பேட்ரியாட் எதிர்ப்பு ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஈராக்கிய சுகட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர்.

அவ்வமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி அலகுகளில் எண்ணியது. அதை விநாடியாக மாற்ற 1/10 என்னும் எண்ணால் பெருக்கியது. பத்தின்படி எண்முறையில் 0.1 என முடிந்துவிடும் இவ்வெண், இரும எண்முறையில் முடிவின்றி நீளும். 24 இருமங்களில் வெட்டி வைக்கப்பட்டதால் ஏறத்தாழ 0.000000095 அளவு பிழை நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பிழை ஒரே திசையிலேயே சேர்ந்தது. அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் நிறுத்தாமல் இயங்கியிருந்தது; 36 இலட்சம் எண்ணிக்கைக்குப் பின் பிழை ஏறத்தாழ 0.34 விநாடி ஆகிவிட்டது. அந்நேரத்தில் சுகட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். எனவே அமைப்பு வானில் தவறான இடத்தில் அதைத் தேடியது. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாளே தகுரானை அடைந்தது.

நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வரை பிரித்துக் காட்டிய அக்கடிகாரம், அந்நேரம் உண்மையான நேரம் தானா என்பதில் தவறியது. "துல்லியமான கடிகாரம்" என்று மட்டும் தமிழில் எழுதினால் இவ்விரண்டில் எது கூறப்படுகிறது என்பது தெரியாது.

வழுவும் செயல்முறிவும்

மென்பொருட் பொறியியலில் "ஃபால்ட்", "எரர்", "ஃபெயிலியர்" ஆகிய மூன்றும் பேச்சில் "பிழை" என்றே கூறப்படுகின்றன. நம்பகத்தன்மை பற்றிய நூல்கள் இவற்றை ஒரு தொடராகக் கொள்கின்றன. நிரலில் உள்ள குறை வழு. அது இயக்கப்படும்போது அமைப்பின் உள்ளே ஏற்படும் தவறான நிலை பிழைநிலை. அது வெளியே தெரியும்படி அமைப்பு தன் பணியைச் செய்யத் தவறுவது செயல்முறிவு. வழு இருந்தும் செயல்முறிவு நிகழாமல் பல ஆண்டுகள் கழியலாம்.

1996 சூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பயணம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் வழிகாட்டல் மென்பொருளின் ஒரு பகுதி ஏரியான் 4 இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அப்பகுதி 64 இரும மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 இரும முழு எண்ணாக மாற்றியது. ஏரியான் 4 இல் அம்மதிப்பு 32,767 என்னும் எல்லையைத் தாண்டியதில்லை. கிடைத்திசையில் விரைவாகச் செல்லும் ஏரியான் 5 இல் அது தாண்டியது. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே மென்பொருளைக் கொண்டிருந்தமையால் இரண்டும் நின்றன. ஏவூர்தி புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியது.

ஏரியான் 4 இல் "செயல்முறிவு நிகழவில்லை" என்பது உண்மை. அதிலிருந்து "வழு இல்லை" என முடிவு செய்தது தவறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் இத்தவறு கண்ணுக்குத் தெரியாது.

சரிபார்த்தலும் ஏற்பறிதலும்

"வெரிஃபிகேஷன்" என்பது உருவாக்கப்பட்ட பொருள் எழுதப்பட்ட தேவை விவரங்களுக்கு இணங்க உள்ளதா எனப் பார்ப்பது. "வேலிடேஷன்" என்பது அப்பொருள் பயனருக்கு உண்மையில் தேவையானதா எனப் பார்ப்பது. முன்னதைச் சரிபார்த்தல் எனவும் பின்னதை ஏற்பறிதல் எனவும் கூறலாம்.

தமிழ்க் கணிமையில் இதற்கு எளிய எடுத்துக்காட்டு உண்டு. "சொற்களை ஒருங்குறி எண் வரிசைப்படி அடுக்க வேண்டும்" என்பது தேவை விவரம் எனக் கொள்வோம். நிரல் அவ்வாறே அடுக்கினால் சரிபார்த்தலில் தேறிவிடும். ஆனால் ஒருங்குறியில் "ன" என்னும் எழுத்து "ந"-வுக்கு அடுத்து, "ப"-வுக்கு முன் உள்ளது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது மெய்வரிசையின் கடைசி எழுத்து. எனவே "பனை" என்னும் சொல் "பம்பரம்" என்பதற்கு முன் வந்துவிடும். அகரமுதலியில் தேடும் தமிழ்ப் பயனருக்கு இது பயன்படாது. விவரத்தின்படி சரி, தேவையின்படி தவறு.

தீங்குமூலமும் இடர்வாய்ப்பும்

"ஹசார்ட்" என்பது தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்று, அதாவது தீங்குமூலம். "ரிஸ்க்" என்பது அத்தீங்கு நிகழ்வதற்கான வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்த மதிப்பீடு, அதாவது இடர்வாய்ப்பு. கூண்டில் உள்ள புலி தீங்குமூலமே. கூண்டுக்கு வெளியே நிற்பவருக்கு இடர்வாய்ப்பு மிகக் குறைவு.

2015 அக்டோபரில், உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியை மாந்தரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் அதே வகுப்பில் உள்ளது. இரண்டும் ஒரே அளவு கேடானவை என்பது இதன் பொருள் அன்று. அவ்வகுப்பு, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே காட்டுகிறது. அதாவது தீங்குமூலத்தை அடையாளம் காண்கிறது. இடர்வாய்ப்பின் அளவு வேறு. அப்போது தரப்பட்ட மதிப்பீடுகளின்படி, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 34,000 புற்றுநோய் இறப்புகள் பதப்படுத்தப்பட்ட இறைச்சி மிகுந்த உணவோடும், ஏறத்தாழ 10 இலட்சம் புற்றுநோய் இறப்புகள் புகையிலையோடும் தொடர்புடையவை.

வேறுபாடு இல்லாத இணை

சில இணைகள் எதிர்ச்சொற்கள் போலத் தோன்றி ஒரே பொருளைத் தருபவை. "ஃபிளேமபிள்", "இன்ஃபிளேமபிள்" ஆகிய இரண்டுமே எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே பொருள்படும். பின்னதில் உள்ள "இன்" என்னும் முன்னொட்டு எதிர்மறை அன்று. உள்ளே, ஆக என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு. பிற பல சொற்களில் "இன்" எதிர்மறையாக வருவதால், தீப்பற்றாதது எனப் பிறழ உணரப்படலாம் என்னும் அச்சம் எழுந்தது. எனவே 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் "ஃபிளேமபிள்" என்னும் வடிவையே பரிந்துரைத்தது. இந்தியாவில் எரிபொருள் வண்டிகளில் பழைய வடிவை இன்றும் காணலாம். இதைப் பிரித்து மொழிபெயர்க்க முயன்றால் எதிர்ப்பொருள் வந்துவிடும்.

தமிழில் இவ்விணைகள்

தமிழில் அறிவியல் எழுதும் முயற்சி இரு நிலங்களில் தனித்தனியே வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் வெளியிட்டார். தமிழ்நாட்டில் 1916 ஆம் ஆண்டு சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் கலைச்சொற்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். பின்னர் இரு நாடுகளிலும் பள்ளிப் பாடங்கள் தமிழில் நடந்தபோது கலைச்சொற்கள் இரு வழிகளில் நிலைபெற்றன.

* "மாஸ்": தமிழ்நாட்டில் நிறை, இலங்கையில் திணிவு.
* "வெயிட்": தமிழ்நாட்டில் எடை, இலங்கையில் நிறை.
* "ஸ்பீடு": தமிழ்நாட்டில் வேகம், இலங்கையில் கதி.
* "வெலாசிட்டி": தமிழ்நாட்டில் திசைவேகம், இலங்கையில் வேகம்.
* முடுக்கம் எனத் தமிழ்நாட்டில் வழங்குவது இலங்கையில் ஆர்முடுகல்.

இறுதியில் உள்ள முடுக்கம், ஆர்முடுகல் போன்ற வேறுபாடு தீங்கற்றது. அறியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்று பொருள் தேடுவார். முதல் நான்கில் உள்ள நிலைமை வேறு. நிறை, வேகம் ஆகிய சொற்களை இரு நாட்டு வாசகரும் அறிவர்; ஆனால் வெவ்வேறு பொருளில் அறிவர். யாரும் நின்று பொருள் தேடுவதில்லை.

"நிலாவுக்குக் கொண்டுசென்றாலும் ஒரு பொருளின் நிறை மாறாது" என்னும் கூற்று தமிழ்நாட்டு மாணவருக்குச் சரி. இலங்கை மாணவருக்குத் தவறு. "வட்டப் பாதையில் செல்லும் பொருளின் வேகம் மாறாதிருக்கலாம்" என்பதும் அவ்வாறே. இரு கூற்றுகளிலும் இலக்கணப் பிழையோ எழுத்துப் பிழையோ இல்லை. இரு நிலத்தாரும் சேர்ந்து எழுதி, சேர்ந்து வாசிக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பதே கடினம். சரியாக எழுதப்பட்டதைப் பிழையென எண்ணி நல்லெண்ணத்துடன் ஒருவர் திருத்தவும், அதை மற்றவர் மீண்டும் மாற்றவும் இடமுண்டு.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியவை

* ஓர் இணையின் ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் முன் மற்றதற்கும் சொல் முடிவு செய்தல் நன்று. இல்லையேல் நல்ல சொல் முதல் சொல்லுக்கே செலவாகிவிடும்.
* இயற்பியற் கணியங்களுக்கு முதல் முறை வரும்போது அலகையும் தரலாம். "நிறை 60 கிலோகிராம்", "நிறை 588 நியூட்டன்" என எழுதினால் எந்த வழக்கு என்பது எந்நாட்டு வாசகருக்கும் உடனே விளங்கும்.
* இரு நாட்டு வாசகருக்கும் பொதுவான கட்டுரைகளில், மயக்கம் தராத சொற்களை இரு வழக்கிலிருந்தும் எடுத்தாளலாம். திணிவு, எடை, கதி, திசைவேகம் ஆகிய நான்கும் எந்த வழக்கிலும் மற்றொரு கணியத்தைக் குறிப்பதில்லை.
* பொது வழக்கைப் பிழையெனக் கருத வேண்டியதில்லை. சந்தையில் எடை கிலோவில் கூறப்படுவதும், பேருந்தின் வேகம் எனக் கூறப்படுவதும் அவ்விடத்துக்குப் பொருந்துவனவே.
* ஏற்கனவே ஒருவர் எழுதிய கலைச்சொல்லை மாற்றும் முன், அவர் பின்பற்றும் வழக்கு எது என்பதை முழுக் கட்டுரையையும் வாசித்து அறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* அளவையியல்
* அனைத்துலக முறை அலகுகள்
* கலைச்சொல்லாக்கம்
* மென்பொருள் வழு
* இலங்கைத் தமிழ் வழக்கு